ஜோடி நரை

செத்துப்போன ஒரு மனிதருக்கு, யாரும் கேட்காமலேயே, ஞானசிகாமணி வயதைக் கூட்டிவிட்டான். கூட்டியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து, ஆரியசாலை ரோட்டைப் பார்த்திருந்த தன் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியும் வைத்தான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் அவனைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து தலையைச் சொறிவான். நாற்பது வயதிலும் நெற்றியில் சுருண்டு விழுகிற கருகருவென்ற முடி அவனுக்கு. கர்த்தர் தனக்குக் கொடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

படத்தில் இருந்தவர் தங்கையன். பம்பாய்க்கு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்று அவர் மனைவி சுசீலாபாய் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அப்போது மகள் பிரிஸில்லா நடை பழகிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். நெய்யாற்றின்கரையிலிருந்து சஜி என்ற பையனுக்கு அவளைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். தகப்பன் இல்லாத வீட்டுக்குப் போனால் முதலில் தகப்பன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு ஜெபம், பிறகுதான் பேச்சு என்பது அந்தக் குடும்பத்தின் முறை. சுசீலாபாய் வீட்டு ஹாலில் ஒரு பைபிள் வசனப் பலகை இருந்தது, சபைக் காலண்டர் இருந்தது, தங்கையன் மட்டும் இல்லை. கல்யாணப் போட்டோவைக் கரையான் தின்றிருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். தன் படத்தையும் அதையும் சேர்த்து ஒரே பிரேமில் வைத்துத் தரச் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வாலிபத்தில் செத்த புருசனையும், அவனுக்குப் பிறகு இருபது வருடம் அடுப்படியில் வெந்த மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அம்மாவும் மகனும் மாதிரி இருக்கும். கரமனையில் ஒரு வீட்டில், துக்கம் கேட்க வந்த ஒருவர் இப்படி ஒரு பிரேமைப் பார்த்துவிட்டு, மகன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று விதவையிடமே கேட்டுவிட்டார். அந்தப் பிரேம் மறுநாளே ஞானசிகாமணியிடம் திரும்பி வந்தது. அதன் பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். போட்டோஷாப்பில் புருசனின் முடியை நரைக்க வைத்து இரண்டு பேரையும் ஒரு வயதுக்காரர்களாக்குவது. அதற்கு ஜோடி நரை என்று பெயரும் வைத்தான். ஆரியசாலையில் அவனைத் தவிர யாரும் அதைச் செய்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

முதலில் லாசோ கருவியால் முடியைச் சுற்றி வளைக்க வேண்டும். காதோரத்துப் பூனைமுடிகூட வெளியே நின்றுவிடக் கூடாது. பிறகு நிறத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, டாட்ஜ் என்ற கருவியால் கிருதாவிலிருந்து மேலே மேலே தடவிக்கொண்டு போனால் மவுஸ் போகிற வழியெல்லாம் வெளுக்கும். மனிதர்களுக்கு எத்தனையோ வருடக் கவலையில் வருகிற நரை, அவனுக்கு ஒரு பாலில்லாத கட்டங்காப்பி ஆறுவதற்குள் வந்துவிடும்.

தங்கையனை நரைக்க வைத்த அன்று கை நன்றாக ஓடியது. மீசைக்கும் சேர்த்துத் தடவினான். முடித்ததும் பழைய பெயரிலேயே சேவ் கொடுத்தான். பழைய படம் அழிந்துபோகும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்வது அவன் பழக்கம். அசல்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. அந்த அசலில் பூசணம் படர்ந்திருந்தது. அதையும் சுத்தமாக்கிக் கொடுத்தால் சுசீலாபாய் அக்கா சந்தோஷப்படுவாள் என்று ஈரப் பஞ்சால் துடைத்தான். பூசணத்தோடு தங்கையனின் மூஞ்சியும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டைக் காலர் மட்டும் மிஞ்சிய காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, பெரிய பிரின்ட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினான்.

சுசீலாபாய் பேக்கரிகளுக்கு அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் போட்டுக் கொடுக்கிறவள். சாலைக் கடைத்தெருவுக்குக் கருப்பட்டி வாங்க வந்தவள் அப்படியே ஸ்டுடியோவுக்கு வந்தாள். துலாம் மாத மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்காமலேயே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து பார்த்த ஞானசிகாமணிக்கு, அக்கா அசந்துபோய் நிற்கிறாள் என்று பட்டது. முகத்தில் ஒரு புகழ்ச்சிக்குத் தயாராகிக்கொண்டு வெளியே வந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டாள். திங்கட்கிழமை மாட்டியது என்றான்.

“யாரு மக்கா ஒன்கிட்ட இப்பிடிச் செய்யச் சொன்னது?”

ஜோடிப் பொருத்தம், கரமனை வீட்டுக் கதை எல்லாவற்றையும் அவன் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தான். அவள் பாதியில் நிறுத்தினாள்.

“பழையபடி கறுப்பாக்கு. ஞாயித்துக்கெழமைக்கு முன்ன வேணும். இதை இப்பமே கழத்து.”

“நல்லா இல்லியா அக்கா? முடியை மட்டுந்தான் தொட்டேன்.”

“நரைச்ச மனுசன் எனக்க வீட்டுக்கு வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். குடை விரித்திருந்தும் அதைத் தலைக்கு நேராகப் பிடிக்கவில்லை.

பழையது இல்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பிரின்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எதிர்க் கடை இசக்கிப்பாண்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். திருநெல்வேலிக்காரர், கயிறும் சாக்கும் வியாபாரம்.

“என்ன வே, அதுக்குள்ள கழத்துதீரு? ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க பாம்பேக்காரன் ராசா மாதிரில்லா இருக்கான்.”

எந்தப் பாம்பேக்காரன் என்று ஞானசிகாமணி கேட்டான். சாலையில் வெங்காயக் கோடவுனில் எடை பார்க்கிறவர், இத்தனை வருடம் ஆரியசாலையில் கடை வைத்துக்கொண்டு அவரைத் தெரியாதா என்றார் இசக்கிப்பாண்டி. அவருடைய பெயர் என்ன, ஊர் எது, குடும்பம் உண்டா என்று இவன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

“வெங்காயம் நிறுக்கவனுக்குப் பேரு என்னத்துக்கு வே? தராசு நேரா நின்னாப் பத்தாதா?” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

ஞானசிகாமணி அந்தப் பெரிய பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்கா எதற்காக ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைச் சொறியக்கூடக் கை எழவில்லை.

சாயந்தரம் பிரிஸில்லா வந்தாள். வேலை முடிந்து கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலைக்குள் நடந்து, ஆரியசாலை வழியாக வீட்டுக்குப் போகிறவள். வெறுமையாக இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அப்பா படம் எங்கே மாமா என்று கேட்டாள். அம்மைக்குப் பிடிக்கவில்லை, கறுப்பாக்கச் சொல்லிவிட்டாள் என்று மழுப்பினான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா. அந்தப் படத்துல முடியைத் தவிர வேற எதையாவது மாத்துனியளா? கண்ணு, மூக்கு, தாடை?”

“இல்ல மோளே. முடியும் மீசையும் மட்டுந்தான்.”

“கண்டிப்பா?”

“கண்டிப்பா.”

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நரைத்த படத்தில் சின்னதாக ஒன்று பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டான். சும்மா என்றாள். அம்மையிடம் சொல்லாண்டாம் என்றாள். பிரின்ட்டரின் வாயிலிருந்து நெற்றி, கண், மீசை என்று மெல்ல மெல்லத் தகப்பன் இறங்கி வருவதை அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற பிள்ளை. எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பாள் என்று அவன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

மறுநாள் அவன் வெங்காயக் கோடவுனுக்குப் போனான். இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. உள்ளே ஈரச் சாக்கின் வாடையும் அழுகல் வெங்காயத்தின் நெடியும் கண்ணைக் கரித்தன. நீலச் சட்டை போட்ட சுமட்டுக்காரர்கள் லாரியிலிருந்து மூட்டைகளைத் தலையில் வாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குத்தவைத்துச் சின்ன உள்ளியைத் தரம் பிரித்தார்கள். உள்ளித்தோல் பறந்து எல்லார் தலையிலும் ஒட்டியிருந்தது. நடுவில், பெரிய தராசின் பக்கத்தில், தங்கையன் நின்றார்.

சந்தேகமே இல்லை. தன் கைவேலை இவ்வளவு கச்சிதமாக ஒரு உடம்போடு நடமாடுவதைப் பார்க்க அவனுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி வந்த வழியே திரும்பப் பார்த்தான். அந்த மனிதர் மலையாளத்தில் எடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“ஸ்டுடியோக்காரருதானே? படத்தைக் கண்டேன். மீசை எனக்கு இவ்வளவு வெளுக்கல்ல, தம்பி.”

“நீங்க தங்கையன் அண்ணனா?”

அவர் அடுத்த மூட்டை தராசில் ஏறி இறங்குகிற வரைக்கும் பொறுத்துவிட்டு, வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னார். பம்பாயில் குடியும் கூட்டுமாக ஒருத்தன் சீரழிந்துபோனான். வீட்டுக்கு ஒரு கடுதாசு போட்டவன் இல்லை. கடைசியில் உடம்பு ஒடுங்கி ஊர் திரும்பி, ஒரு வீட்டு வாசலில் போய் நின்றான்.

“அந்த வீட்டுக்காரி கதவைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா, ‘இங்க இருந்தவரு செத்துப்போனாரு. பிள்ளைகிட்ட அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். செத்தவராட்டே இருந்துக்கிடணும்’னு. அவன் செரின்னு சொன்னான். அவன் ஆயுசுல குடுத்த வாக்குல காப்பாத்துனது அது ஒண்ணுதான். இனி நீரு வந்து தங்கையனான்னு கேட்டா, அவன் என்ன பதில் சொல்லுவான்?”

பிரிஸில்லா தினமும் இந்த வழியாகத்தானே போகிறாள் என்று ஞானசிகாமணி கேட்டான். அவள் வருகிற நேரம் தெரியும், அந்த நேரத்தில் மூட்டைக்குப் பின்னால் போய்விடுவேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வருகிறார்கள் என்று இவன் சொன்னதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டார். சொன்னான். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறவரா என்று கேட்டார். ஆமாம் என்றான். தராசுத் தட்டில் கையை ஊன்றிக்கொண்டார். அந்தப் பெரியப்பா இந்தக் கோடவுனில்தான் வெங்காயம் எடுக்கிறார், வந்தால் தன்னோடு நின்று பீடி குடிக்காமல் போகமாட்டார் என்றார்.

“அந்தப் படம் வீட்டுல ஏறப்பிடாது தம்பி. நீரு எப்பிடியாவது கறுப்பாக்கிரும்.”

ஒரே வாரத்தில் புருசனும் பெண்டாட்டியும் தனித்தனியாக வந்து கேட்டது ஒரே காரியம். அதைச் செய்யத்தான் ஞானசிகாமணிக்குக் கைவரவில்லை. நரைக்க வைப்பதில் ராஜாவாக இருந்தவன், கறுக்க வைப்பதில் கத்துக்குட்டியாக நின்றான். வெளுத்த இடத்தில் இழையே இல்லை, வெறும் வெள்ளைதான் இருந்தது. கறுக்க வைக்கிற பர்ன் கருவியால் தடவினால் தலையில் அடுப்புக் கரி அப்பியது போல வந்தது. நிறத்தைக் கூட்டினால் நீலம் பாரித்து, மழையில் நனைந்த காக்கை மாதிரி இருந்தது. செம்பட்டை சேர்த்தபோது தங்கையன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் ஆனார். ஏதோ கொஞ்சம் தேறிவந்த நேரத்தில் இடி இடித்துக் கரன்ட் போனது. கம்ப்யூட்டர் அணைந்தது. சேவ் பண்ணவில்லை. இருட்டில் உட்கார்ந்து, யார் யார் வாழ்க்கையில் எல்லாம் இனி கைவைக்காமல் இருக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தான். அதில் அவன் பெயர்தான் முதலில் வந்தது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் தன் சொந்தப் படம் ஒன்றை ஸ்கேன் பண்ணினான். தலைமுடியை மட்டும் வெட்டியெடுத்து, நெற்றிச் சுருளோடு, தங்கையனின் தலையில் வைத்து ஓரங்களைக் கரைத்தான். மீசையும் தன்னுடையதுதான். பொருந்திவிட்டது. பொருந்தியதில் அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அக்கா படத்தையும் பக்கத்தில் சேர்த்துப் பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு, இழுப்பறையில் கிடந்த காலர் காகிதத்தையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான்.

சுசீலாபாய் பின்கட்டில் அச்சப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். சூடான அச்சை மாவில் முக்கி எண்ணெய்க்குள் இறக்குவாள். சற்றுப் பொறுத்து ஒரு உலுக்கு உலுக்கினால் பூ மாதிரி விட்டுப் பிரிந்து மிதக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறவர்களுக்காக அகலத் தட்டில் அடுக்கியிருந்தாள். பிரேமைக் கையில் வாங்காமல், கரண்டியைப் பிடித்தபடியே பார்த்தாள்.

“இது அவருக்க முடி இல்லியே.”

“படம் பழசுல்லியா அக்கா. நெனவு மாறியிருக்கும்.”

அவள் அவன் நெற்றியை ஒரு பார்வை பார்த்தாள். அசலைத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள். கடையில் இருக்கிறது, பிறகு கொண்டுவருகிறேன் என்றான். சட்டைப் பைக்குள் அந்தக் காகிதம் நெஞ்சைக் குத்தியது. பேச்சை மாற்ற நினைத்தவன், வாய் அடங்காமல் இருந்த இடத்திலேயே போய் விழுந்தான்.

“அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லணும். அவரு செத்துட்டாரா, இருக்காரா?”

“எண்ணெ காஞ்சு நிக்குது. தள்ளி நில்லு மக்கா.”

அவன் தள்ளி நின்றான். பிரேமை ஹாலில் ஆணியடித்து மாட்டிவிட்டு, மழை வருவதற்குள் கடைக்குப் போகலாம் என்று சாலை வழியாக நடந்தான். வெங்காயக் கோடவுன் வாசலில் யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். திரும்பினால் தங்கையன் நின்றார். தலையும் மீசையும் கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. நெற்றியிலும் காதுமடலிலும் சாயம் ஒழுகிக் காய்ந்திருந்தது.

“எப்பிடி? இனி ஒம்ம கண்ணாடிப்பெட்டிப் படத்தையும் என்னையும் ஒருத்தனும் சேத்துப் பாக்கமாட்டான்.”

ஞானசிகாமணி பக்கத்திலிருந்த சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் தொங்குவது இப்போது கறுப்புப் படம் என்று சொன்னான். அதை நீங்களே கேட்டீர்களே என்றான். தங்கையனின் கை மெல்லத் தலைக்குப் போனது. விரலில் ஒட்டிய கறுப்பைச் சாரத்தில் துடைத்தார்.

“ஒரு வேளை பெரியப்பா இந்தப் பக்கம் வராம இருந்தா...” என்று ஞானசிகாமணி இழுத்தான்.

“காலம்பறவே வந்துட்டுப் போனாரே. ‘என்னடே பாம்பே, மாப்பிள்ளை ஆயிட்டியா’ன்னு சொல்லி ஒரே சிரிப்பு.”

இனி நரைத்த படத்தை மாட்டினாலும் தெரியும், கறுத்த படத்தை மாட்டினாலும் தெரியும். பிரேமையே கழற்றிவிட்டால் ஜெபத்துக்கு என்ன செய்வது. கடைசியில் தங்கையன்தான், ஊரை விட்டே போய்விடட்டுமா என்று கேட்டார். போய்விடுவதில் அவருக்கு முன்அனுபவம் இருந்தது. அதை ஞானசிகாமணி சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். எதை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மழையோடு மழையாக ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சஜி நல்ல பையன், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவன் அப்பா அம்மாவுக்கு முன்னால் பெரியப்பா வந்தார். கனத்த உடம்பு, வெள்ளை ஜிப்பா. படமெடுக்க வந்தவன் என்ற சாக்கில் ஞானசிகாமணி கேமராவோடு ஜன்னலோரம் நின்றான். பிரிஸில்லா வெளிர்ப் பச்சைச் சேலையில் கதவோரம் இருந்தாள். தோளில் வீட்டுக்குள்ளும் கைப்பை. அதற்குள் அந்தச் சின்னப் பிரின்ட் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பெரியப்பா படத்துக்கு முன்னால் நின்று ஜெபித்தார். நெடிய ஜெபம். பூமியை விட்டுக் கடந்துபோன இந்தச் சகோதரனுக்காக ஸ்தோத்திரம் என்ற இடத்தில் சுசீலாபாய் மட்டும் ஆமென் சொல்லாததை ஞானசிகாமணி கவனித்தான். முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெரியப்பா மட்டும் உட்காரவில்லை. ஜிப்பாப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிரேமுக்குக் கிட்டே போனார்.

“இது கொள்ளாமே, நல்ல வேடிக்கை. இந்த ஆளை நேத்து சாலையில வச்சுக் கண்டேனே நான்.”

காப்பித் தட்டோடு வந்த சுசீலாபாய் நடுஹாலில் நின்றுவிட்டாள். பிரிஸில்லா படத்தைப் பார்க்கவில்லை, அம்மையின் முகத்தைத்தான் பார்த்தாள். சஜியின் அப்பா, யாரைக் கண்டது அண்ணா என்று கேட்டார்.

“நம்ம வெங்காயக் கோடவுன்ல ஒரு ஆளுண்டு. இதே மூஞ்சி, இதே முடி. அச்சில வார்த்தது போல.”

ஜன்னலோரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தது தான்தான் என்று ஞானசிகாமணிக்குப் பிறகே தெரிந்தது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

“அண்ணாச்சி, அது எனக்க முடியாக்கும்.”

பெரியப்பா திரும்பினார். ஞானசிகாமணி அவருக்கு முன்னால் தலையைக் குனிந்து காட்டினான். நெற்றிச் சுருளை விரலால் எடுத்துவிட்டு, படத்திலிருந்த சுருளையும் காட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான். காலர் மட்டும் இருந்தது, காலருக்கு மேலே வெறும் அழுக்கு வெள்ளை.

“அக்கா தந்த அசல் இதாக்கும். பூசணத்தைத் துடைக்கேன்னு மூஞ்சியைத் துடைச்சுட்டேன். இவியகிட்ட இன்னைவரை சொல்லல்ல. கம்ப்யூட்டர்ல மிச்சம் இருந்ததையும் நானே கெடுத்து, பயந்துபோய் எனக்க முடியையும் மீசையையும் வெட்டி ஒட்டுனேன். நான் கை வச்சா, செத்தவங்க எல்லாருக்கும் இந்த முடிதான் அண்ணாச்சி. கரமனையில போய்ப் பாருங்க. நீங்க சாலையில கண்டவரு யாரோ, அவரும் எப்பமாவது எனக்க கடையில தலையைக் குடுத்திருப்பாரு.”

முதலில் சஜி சிரித்தான். பிறகு அவன் அம்மா. பெரியப்பா இவன் தலையையும் பிரேமையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்கும்போது பிரேமில் முடியைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தார் என்று ஞானசிகாமணிக்குத் தோன்றியது. பிறகு சுசீலாபாயைப் பார்த்தார். அவள் தட்டை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். தட்டிலிருந்து ஒரு கப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

“கல்யாணத்துக்குப் படமெடுக்க வேற ஆளைப் பாத்துக்கிடுவோம், கேட்டியளா. இவன் மாப்பிள்ளைக்கும் அவன் முடியை ஒட்டிருவான்.”

வீடு முழுக்கச் சிரித்தது. ஞானசிகாமணியும் சிரித்தான். சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கல்யாணத்துக்கு என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை எல்லாரும் கேட்டார்கள். அச்சப்பம் பரிமாறப்பட்டது. நல்ல மொறுமொறுப்பு, எந்த அரிசி என்று சஜியின் அம்மா கேட்டாள். தேதி பேசினார்கள். பெரியப்பா அதன் பிறகு படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும், சாலையில் தன்னோடு பீடி குடிக்கிற ஒருத்தன் இருக்கிறான், குடும்பம் கிடையாது, நல்லவன் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு ஏறினார்.

ஜீப் போனதும் வீடு அமைதியானது. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிரிஸில்லா கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஞானசிகாமணி கேமராவை உறைக்குள் வைப்பதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். மூஞ்சியில்லாத காகிதம் நாற்காலி மேல் கிடந்தது. சுசீலாபாய் அதை எடுத்துப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தான். ஏசவில்லை. அதை மடித்து வசனப் பலகைக்குப் பின்னால் செருகினாள்.

பிறகு தட்டில் மிஞ்சியிருந்ததை விட்டுவிட்டு, உள்ளே போய் உடையாத முழு அச்சப்பமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்தாள். கூடவே கொஞ்சம் முந்திரிக்கொத்து. பழைய பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி, மழை பட்டுவிடாமல் இருக்க ஒரு பாலித்தீன் கவரிலும் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

“சாலை வழியாத்தானே போற. அந்த வெங்காயக் கோடவுன்ல குடுத்திரு.”

வாரம் முழுக்க அவன் கேட்ட கேள்விகளுக்கு இசக்கிப்பாண்டி தராசைச் சொன்னார், கோடவுன்காரர் வேறு யாருடைய கதையையோ சொன்னார், பிரிஸில்லா சும்மா என்றாள், அக்கா எண்ணெய் காய்ந்து நிற்கிறது என்றாள். இப்போதும் அப்படி ஏதாவது ஒன்று வரும் என்றுதான் நினைத்தான். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“யாருக்குக் குடுக்கணும் அக்கா?”

சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. சுசீலாபாய் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

“பிரிஸில்லாவுக்க அப்பனுக்கு.”